காட்சிப் பொருள் எண் 212

ஒவ்வொன்றுக்கும் நாற்பது சொல்,
அதற்கு மேல் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்
என்கிறார் டிரஸ்டி, வாட்ஸ்அப்பில், ஈப்போவிலிருந்து.
தேக்குத் தூணுக்கு எழுதிவிட்டேன்.
முட்டை வெள்ளைச் சாந்துக்கு, பெல்ஜியம் கண்ணாடிக்கு,
நாற்பது பேர் கைகழுவும் அண்டாவுக்கு.
எல்லாவற்றுக்கும் வந்த துறைமுகம் உண்டு, விலை உண்டு.
கடைசி வரியில் தவறாமல்
‘உபயம்: வெ.ராம.சொ. குடும்பத்தார்.’

இது வெறும் தாள்.
மேலே பிள்ளையார் சுழி,
பியாப்பொன் கிட்டங்கி முத்திரை.
மா சுவே யீ. கணவன் பேரைக் கறையான் தின்றுவிட்டது.
நெல்வயல் பதினொன்றே கால் ஏக்கர்.
கடன் முந்நூற்று எழுபது ரூபாய்,
மாதம் நூற்றுக்கு ஒன்றரை.
பெட்டியடிப் பையன் எழுதியிருக்கிறான்;
பதினைந்து வயதிருக்கும்,
‘வட்டி’யின் கொம்பை
அத்தனை ஆசையாய்ச் சுழித்திருக்கிறான்.
அடியில் நீல மையில் ஒரு பெருவிரல்.

சக்கர ரேகை.
சக்கரம் இருந்தால் ராசி என்பார்கள்
பள்ளத்தூர்ப் பக்கம்.

அடுத்த தாளில் வயல் கைமாறிவிட்டது.
அதற்கடுத்தது
இந்த வீட்டு மூன்றாங்கட்டுக்குப் பளிங்கு இறக்கிய ரசீது.
பிறகு இவர்களுக்கும் போயிற்று, எல்லாம்,
காடு மலை வழியே நடந்து வந்தார்கள்.
அதற்குத் தனி அறை இருக்கிறது, ஏழாம் எண்,
மஞ்சள் விளக்குப் போட்டு.

காலையில் மூக்காயி
வாசல் எந்திரத்தில் விரல் வைத்தாள்.
மீண்டும் முயலவும் என்றது.
முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள்.
மீண்டும் முயலவும்.
பித்தளைக்குப் புளி தேய்த்துத் தேய்த்து
வழவழவென்று ஆகிவிட்ட விரல்.
ஐந்தாம் முறையும் அவள் வரவில்லை என்றே சொன்னது.
நான்தான் நோட்டில் எழுதினேன், வந்தாள் என்று.

மத்தியானம்.
முற்றத்து வெயில் சதுரமாய் நகர்ந்து
அண்டாவின் வயிற்றில் ஏறுகிறது.
டிரஸ்டி ஒரு வாசகம் அனுப்பியிருக்கிறார்:
‘கடல் கடந்தும் நாணயம் காத்த...’
முழுக்கப் படித்தேன்.
பிறகு அட்டையை எடுத்து எழுதினேன்:

பெருவிரல் ரேகை. நீல மை.
பியாப்பொன், 1929.
உபயம்: மா சுவே யீ.

பத்துச் சொல். முப்பது மிச்சம்.
படம் எடுத்து அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

கண்ணாடி துடைக்க வந்த மூக்காயி
ஈரத்துணியோடு குனிந்து
கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“விரலு நல்லா விழுந்திருக்கு” என்றாள்.