எண்ணிக்கை

சரகோசாவில் பிப்ரவரி.
எப்ரோ ஆற்றின் ஈரம் காகிதக் கட்டுகளில் ஏறுகிறது.
நான் உரக்க வாசிக்கிறேன், பிரியாந்தா அச்சுக் கோக்கிறாள்.
வெல்மரான் என்ற மாவீரனின் கதை,
நூற்று முப்பத்தோரு அத்தியாயம்.
குதிரைக்கும் ஒரு பெயர் உண்டு. மறந்துவிட்டேன்.

நாலாம் நாள் சொன்னாள்:
"இந்த ஆள் எழுதுகிறானா, கையைப் பிசைகிறானா?
பக்கத்துக்கு மூன்று 'கை'.
எமே எழுத்து தீர்ந்துகொண்டே போகிறது."

மானோ. எங்கள் மொழியில் கை.
ஓ என்று முடிந்து ஆண்போல நிற்கும், ஆனால் பெண்பால்.
காரணம் சொன்ன இலக்கணக்காரனை நான் பார்த்ததில்லை.
பிரியாந்தாவும் வாசல் பலகையில்
செத்துப்போன கணவனின் பெயராகத்தான் இருக்கிறாள்.

எமே, ஆ, எனே, ஓ
நாலையும் நூலால் இறுக்கி
பத்துக் கட்டு தயார் செய்துகொண்டாள்.
"கை வரும்போதெல்லாம்
கிண்ணத்தில் ஒரு கொண்டைக்கடலை போடு.
எழுதியவனிடம் கூடுதல் கூலி கேட்கலாம்."

எட்டாம் அத்தியாயம். அரசியின் கையில் முத்தமிட வரிசை.
ஆறு கடலை.
இருபத்திரண்டு. இரும்புக் கிராதி.
இளவரசி ஒர்லீந்தா முழுக்க உள்ளே,
கை மட்டும் வெளியே.
அதை அவன் பற்றினான் என்று சொல்ல இரண்டு பக்கம்.
நான் நடுவில் இருமினேன்.
அவள் விரல்கள் நிற்கவில்லை.
கடலை போட நான் மறந்தது அங்கே மட்டும்தான்.

நாற்பத்தேழில் ராட்சதனின் கை
புல்லில் விழுந்தும் வாளை விடவில்லை.
வெட்டிய கை, வெட்டுண்ட கை, ஒரே வரியில்.
ஈயத்தில் இரண்டுக்கும் ஒரே முகம்.
அதுவரை அந்தக் கதையில்
செத்தவன் ஒவ்வொருவனும்
யாராவது ஒருவன் கையால்தான் செத்தான்.

தொண்ணூறில் பீரங்கி வந்தது.
இருபத்துமூன்று அத்தியாயம் கிண்ணம் அசையவில்லை.
"கல் வந்தது" என்று எழுதியிருந்தான்.
"சமையற்காரன் இல்லை" என்று எழுதியிருந்தான்.
பிரியாந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு
"இவனுக்கு எழுத வருகிறது" என்றாள்.

நடுவில் காகிதம் வாங்கப் போனேன்.
இருபத்தைந்து தாளுக்கு இங்கே பெயர் ஒரு கை.
"பன்னிரண்டு கை வாங்கினேன்" என்றேன்.
"அதற்கும் கடலை போடு" என்றாள்.

போடவில்லை.
தவக்காலம், வெள்ளிக்கிழமை, மூன்று வாரக் கூலி பாக்கி.
எண்ணிக்கையை ஊறவைத்து, பூண்டு தட்டிப் போட்டு
வேகவைத்துத் தின்றுவிட்டேன்.
கேட்டபோது "அறுநூற்றுப் பதினொன்று" என்றேன்.
வாயில் வந்த எண்.
அவள் அதைக் கணக்கில் ஏற்றினாள்.

ஒப்பந்தத்துக்கு நோட்டரி வந்தார்.
கைம்பெண்ணுக்குக் கையொப்பமிடத் தெரியாது என்று
கேட்காமலே எழுதிக்கொண்டார்.
சாட்சியின் கை போதுமாம்.
சாட்சி நான்.
அவள் நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் போகாத மை.
நான் இறகைத் தொட்டு என் பெயரை இட்டேன்.
கையைத் துணியில் துடைத்துக்கொண்டவள் அவள்.

கடைசி அத்தியாயத்தில் வெல்மரான்
வாளாலும் இல்லை, கல்லாலும் இல்லை, காய்ச்சலில் போகிறான்.
"ஒர்லீந்தா போர்வைக்கு அடியில்
அவன் கையைத் தேடினாள்."
வாசித்துவிட்டு நிமிர்ந்தேன்.
கட்டுகள் பத்தும் பக்கத்திலேயே இருந்தன.
பிரியாந்தா எடுக்கவில்லை.
பெட்டியில் துழாவி ஒவ்வொன்றாய்க் கோத்தாள்,
எமே.
ஆ.
எனே.
ஓ.

அச்சேறி முடிந்ததும் நூல்களை அவிழ்த்தோம்.
எழுத்துகளை அறையறையாய்த் திரும்பப் போடுகையில்
அவள் கோல்சட்டத்தில் மூன்று மட்டும் நின்றன:
ஆ, எமே, ஓ.
அமோ.
எஜமானன் என்றும் பொருள்.
நேசிக்கிறேன் என்றும் பொருள்.
தற்செயலா, கோத்ததா என்று
நான் கேட்டிருக்கலாம்.
அந்நேரம் மேசைக்கு அடியில் முழங்காலிட்டு
உருண்டோடிய எனேயைத்
தேடிக்கொண்டிருந்தேன்.