மூன்றாம் பட்டனுக்குக் கீழே

நேவி ப்ளூ போலோ, எல் சைஸ்.
மூன்றாம் பட்டனுக்கு ஒரு விரற்கடை கீழே
வெள்ளையாய் ஒரு புள்ளி.
ஊசி ஓட்டை என்று வட்டம் போட்டு
ஜெர்மனிக்கு அனுப்பினேன்.

அது போன மார்கழி.
பேக்கிங் முடிந்த இருநூற்று நாற்பது டஜனையும்
பிரிக்கச் சொன்னார்கள்.
ராயபுரம் கம்பெனியில் ராவெல்லாம்
டேப் கிழிபடும் சத்தம்.
செக்கிங் மேசையில் பாவாத்தாள்
ஒவ்வொரு பீஸையும் ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி
நகத்தால் நெருடிப் பார்த்தாள்.
“ஓட்டையே இல்லீங் சார்.”
நான் கேமரா திரையைக் காட்டினேன்.
“இங்க இருக்குதே.”
திரையையும் நகத்தால் நெருடினாள்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரச் சம்பளக் கவரில் அவளுக்கு
முன்னூற்று ஐம்பது குறைந்திருந்தது.

ஆடியில் ஒரு சாயங்காலம்,
மெரூன் கலர் குழந்தைச் சட்டையைப் பரப்பி
குனிந்து நிற்கும்போது கரண்ட் போயிற்று.
விரல் அழுத்திவிட்டது.
படம் முழுக்கக் கும்மிருட்டு.
கும்மிருட்டில்,
அதே இடத்தில்,
அதே ஓட்டை.

“போன்ல எடுத்தாப் பத்தாதா?” என்றார் மேனேஜர்.
போன் துணியின் சுருக்கத்துக்குத்
தானே இஸ்திரி போட்டுவிடுகிறது,
கறையைத் தானே துவைத்துவிடுகிறது என்றேன்.
“ஐயாயிரத்துக்கு மேல வவுச்சர் போடாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் பஸ்.
உக்கடத்தில் சலாவுதீன் கடை.
புத்தம் புதுசு இருபத்தெட்டாயிரம்.
யாரோ ஒரு கல்யாண சீசன் ஓட்டிவிட்டுப் போட்டது
ஏழாயிரம், பேரம் பேசி ஆறாயிரத்து நானூறு.
பூவை எடுத்துப் பாருங்க,
எதிர்த்த கடை போர்டை எடுத்துப் பாருங்க என்றார்.
நான் லென்ஸை உள்ளங்கையால் பொத்தி
இருட்டை எடுத்தேன்.
பெரிதாக்கி, நாலு மூலையும் நகர்த்தி நகர்த்தி,
பேன் பார்ப்பது மாதிரிப் பார்த்தேன்.
கருப்பு. வெறும் கருப்பு.
“இருட்டப் பாத்து வாங்கற மொத ஆளு நீங்கதானுங்” என்று
சிரித்தார் சலாவுதீன்.
பழசுக்கு இருநூறு கழித்துக்கொண்டார்.
கார்டை மட்டும் உருவிக்கொண்டேன்.

அன்று ராத்திரி கார்டில் இருந்ததையெல்லாம்
கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.
எல்லாப் படத்திலும் தேதி ஒன்று ஒன்று இரண்டாயிரத்து எட்டு.
பேட்டரி கழற்றினால் அங்கே போய் நின்றுகொள்ளும்,
அதற்கு அதுதான் நல்ல நாள்.
சட்டை, சட்டை, காலர், கை, நடுவில்
சிவன்மலையில் மகளுக்குக் காது குத்திய படம்.
அழும் வாய்க்கு மேலே, ஆகாயத்தில்,
வெள்ளையாய் ஒரு புள்ளி.
பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.
கொக்கு என்பாள் மனைவி.
வருகிற ஒறம்பரைக்கெல்லாம்
கொக்கு என்றே காட்டியிருக்கிறாள்.
நான் எதுவும் சொல்லவில்லை.
கொக்காகவே இருக்கட்டும்.

திங்கட்கிழமை புதுசு முதல் வேலையாக
கைமடிப்பில் விட்டுப்போன ஒரு தையலைக் காட்டியது.
பார்த்தேன். துணியைத் தொட்டேன். இருந்தது.
மறுபடியும் தொட்டேன்.
இனிமேல் இப்படித்தான் போல.

மதியம் சாப்பாட்டு மணிக்கு
பாவாத்தாளிடம் போனேன்.
“அன்னிக்கு ஓட்டை துணியில இல்ல, கேமராவுல.”
பிசிறு வெட்டும் கத்தரியை நிறுத்தாமல்
“அது அன்னைக்கே தெரியுமுங்” என்றாள்.
கவரை நீட்டினேன்.
பழசு கொடுத்த இருநூறு,
என் பாக்கெட்டிலிருந்து நூற்றைம்பது.
எச்சில் தொட்டு எண்ணினாள்.
டிபன் டப்பா மூடிக்குள் வைத்து அழுத்தினாள்.
“ராத்திரி பஸ் இல்லாம
ஆட்டோவுல போனன் சார். அது ஒரு எழுவது.”

சில்லறை இல்லை என்றேன்.
“நாளைக்குக் குடுங்” என்றவள்
என் கையிலிருந்த புதுசைப் பார்த்தாள்.
“இதுக்காச்சும் கண்ணு தெரியுமுங்களா?”