இரண்டு மணிக் கப்பல்

எலினெட்டை முதலில் கண்டெடுத்தது நான்தான் என்கிறவர்கள்
லண்டனில் ஒருவர், கார்டிஃபில் இருவர்,
ஹோலிஹெட் ரயில்வே கிளப்பில்
எப்படியும் நாற்பது பேர்.
எனக்கு அந்த வழக்கில் பங்கில்லை.
பெட்டிகளை எடைபோடும் மேசையில் நான்,
மூன்றடி தள்ளி, கண்ணாடிக்குப் பின்னால்,
மைக்கின் முன் அவள்.

‘டப்ளின் செல்லும் இரண்டு மணிக் கப்பல்
காற்றின் காரணமாகத் தாமதம்.’
முதலில் வெல்ஷில், பிறகு ஆங்கிலத்தில்.
வெல்ஷில் சொன்னால்
காற்றே நேரில் வந்து மன்னிப்புக் கேட்டதுபோல் இருக்கும்.
ஆங்கிலத்தில் கொஞ்சம் கறார்.
சண்டைக்கு வந்த லாரி ஓட்டுநர்கள்
பாதியில் வாயை மூடிக்கொண்டு
தேநீர் வாங்கப் போவார்கள்.

சனிக்கிழமை இரவு
பிங்கோ முடிந்து, பாதிப் பேர் கோட்டு மாட்டியபின்
மேடை அவளுக்கு.
கெத்தினின் பேஸ் கிட்டாரில் ஒரு கம்பி
எப்போதும் சுருதி இறங்கித்தான் நிற்கும்.
குடித்தவனைக் கைத்தாங்கலாக
வீடு சேர்ப்பவள்போல்
அவளும் அதனோடு இறங்கிப் பாடுவாள்.
மெம்ஃபிஸில் யாரோ அழுது முடித்த பாட்டுகள்.
விடிந்தால் சேப்பலில் நாலு குரல் கீதம்.
ஒரே தொண்டை;
இரண்டு சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த ஜனவரிப் புயலில்
மூன்று நாள் ஒரு கப்பலும் நகரவில்லை.
தங்கை கல்யாணத்துக்குப் போக வேண்டியவர் ஒருவர்,
இசைத்தட்டுக் கம்பெனிக்காரராம்,
பதினோரு ரத்து அறிவிப்புகளையும் கேட்டுவிட்டுக்
கண்ணாடியைத் தட்டினார்:
‘என் கப்பலை
இன்னொரு முறை ரத்து செய்ய முடியுமா?’

லண்டனில் முதலில் வெட்டியது முடியை அல்ல.
எலினெட் அவர்கள் நாக்கில் ஏறவில்லை.
முன்னும் பின்னும் நறுக்கி
லூனா என்றார்கள்.
அழுதுகொண்டே பாடு என்றார்களாம்.
‘அழத் தெரியாது,
தாமதம் என்று சொல்லத் தெரியும்’ என்றாளாம்.
அப்படியே பதிவானது.

மார்ச்சில் அது எங்கும் ஒலித்தது.
பல் மருத்துவரின் நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தபோது
எனக்கு.
அவள் அம்மா மென்னாவுக்கு
சூப்பர் மார்க்கெட் மீன் பிரிவில்,
கானாங்கெளுத்தித் தள்ளுபடி அறிவிப்பை ஒட்டி.
‘அரைக் கிலோவா, ஒரு கிலோவா?’
வாடிக்கையாளர் பெயர் சொல்லி அழைத்தும்
நிமிரவில்லை.
பாட்டு முடிந்தபிறகுதான்
கையைத் துடைத்தாள்,
வெகுநேரம்.

ஐந்து வாரம் முதலிடம்.
தொலைக்காட்சியில் ஒருவர் கனிவாக,
‘ஏதோ சின்னக் கிராமமாமே?’
‘துறைமுகம்’ என்றாள் லூனா.
அந்த ஒரு சொல்லில் மட்டும்
எலினெட்.

நவம்பரில் வந்தாள்.
கம்பளித் தொப்பி, கருப்புக் கண்ணாடி,
டப்ளினில் மறுநாள் கச்சேரி.
பெட்டி இருபத்து நான்கு கிலோ,
ஒன்று அதிகம்.
நான் எழுதவில்லை.

நன்றாயிருக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன்.
கூரையில் ஒலிபெருக்கி இருமியது.
‘டப்ளின் செல்லும் இரண்டு மணிக் கப்பல்
காற்றின் காரணமாக...’
நிர்வாகம் பழைய ஒலிநாடாவை மாற்றவே இல்லை.

கண்ணாடியைக் கழற்றினாள்.
முதலில் வெல்ஷில் முழுதாகக் கேட்டாள்.
பிறகு ஆங்கிலத்தில்.
‘இதற்கு மட்டும் இன்னும் காசு தரவில்லை’ என்றாள்.
அவள் சொன்னதற்கு அவளே கட்டுப்பட்டு
பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

நான்
பாதியில் வாயை மூடிக்கொண்டு
தேநீர் வாங்கப் போனேன்.