துறை எண் 8081

பாய்சாந்தூவில், ஆற்றுக்கு நான்கு தெரு மேலே
இத்துர்பேயின் கம்பளித் தரகு அலுவலகம்.
ஞாயிறு மதியம் சாவி வாங்கிப் போனேன்.
பன்னிரண்டு கணினிகள்.
விசைப்பலகை இடுக்கெல்லாம் ஆட்டு மயிர்.

ஃபயர்வால் பெட்டியைக் கணக்குப் பீரோவின் மேல் ஏற்றினேன்.
கிளையண்ட் மென்பொருளை
ஒரே சொடுக்கில் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்பது
கையேடு எழுதியவரின் நம்பிக்கை.
ஏழு வாங்கிக்கொண்டன.
நான்கு காது கேளாததுபோல் இருந்தன;
அவற்றின் முன்னால் ஒவ்வொன்றாக உட்கார்ந்தேன்.
முகவரி, கடவுச்சொல், மறுதொடக்கம்,
மூலையில் பச்சைக் கேடயம் முளைக்கும் வரை
மாத்தே குவளையில் இன்னொரு உறிஞ்சல்.

பன்னிரண்டாவது, எடைமேடைக் கணினி.
அதன் வயதுக்கு எந்த மென்பொருளும் ஏறாது.
"எடை போடாத நேரத்தில் வயரைப் பிடுங்கிவிடுவேன்"
என்றான் வால்டெமார்.
இருபது வருடத்தில் நான் பார்த்த
மிக நல்ல பாதுகாப்பு.

விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும் அது.
முதலில் பொருந்துவதே தீர்ப்பு.
வங்கிக்கு வழி விடு.
அஞ்சலுக்கு, சுங்கத்துக்கு, ஏல விலைக்கு வழி விடு.
கடைசி வரி நான் எழுதியதல்ல,
அழிக்கவும் முடியாது:
மற்ற அனைத்தையும் மறு.

திங்களன்று எல்லோரும் கூப்பிட்டார்கள்.
பிரிண்டர் இல்லை, வானொலி இல்லை,
இத்துர்பேக்குக் குதிரைப் பந்தயம் இல்லை.
வரவேற்பு மேசை நேலிடா மட்டும் கூப்பிடவில்லை.

செவ்வாய் காலை பதிவேட்டில் அவள் கணினிதான்.
8:02, துறை எண் 8081, மறுக்கப்பட்டது.
8:17, மறுக்கப்பட்டது.
8:32.
மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காகத் தட்டமாட்டார்கள்.
வைரஸ் என்று முடிவுகட்டி
வண்டியை எடுத்தேன்.

"அதுவா, ஆறு" என்றாள்.
மேலே அணைப் பக்கம் யாரோ ஒரு பொறியாளர்
நீர்மட்டத்தைத் தன் சொந்தக் கணினியிலிருந்து காட்டுகிறாராம்.
பக்கம் தானே புதுப்பித்துக்கொள்ளும்.
அவள் வீடு துறைமுகத்தை ஒட்டி, கீழ்த்தெருவில்.
மேசை நாட்காட்டியில் பென்சில் எண்கள்:
4.10
4.45
4.90
பிறகு இரண்டு வெற்றுக் கட்டங்கள்.
என் இரண்டு நாட்கள்.
"இன்டர்நெட்தான் பழுது என்று நினைத்தேன்,
உங்களைத் தொந்தரவு செய்வானேன்."

தீக்குக் கட்டிய சுவர்.
தண்ணீர் வருவதை
வாசலிலேயே நிறுத்தி, சொல்லாமல் விட்டது.
தண்ணீரை அல்ல.

நின்றபடியே விதி எழுதினேன்.
பெயர்: ஆறு.
வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே,
வங்கிக்கும் மேலே.
பக்கம் திறந்தது.
5.62.
அவள் எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை.
பையை எடுத்தாள்.

இத்துர்பே பந்தயத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்
திரையைப் பார்த்துவிட்டு
லாரிச் சாவியை நீட்டினார்.
குளிர்பெட்டி, மெத்தைகள், தையல் இயந்திரம்;
அத்தனையையும் கம்பளி மூட்டைகளின் மேல் ஏற்றி
வால்டெமார் திரும்பினான்.
பழக்கதோஷத்தில் எடைமேடையில் நிறுத்தி
எடையும் போட்டான்.

இரவு வீட்டிலிருந்து பதிவேட்டைத் திறந்தேன்.
அவசரத்தில் அவள் கணினியை அணைக்கவில்லை.
யாருமில்லாத அலுவலகத்தில் அது கேட்டுக்கொண்டிருந்தது.
1:47, அனுமதிக்கப்பட்டது.
2:02, அனுமதிக்கப்பட்டது.
எவ்வளவு உயரம் என்று
பதிவேடு சொல்லாது.