ஓய்

ஆல்ப்ஸ்டாட்டில் ஆறாவது நாள்.
நவம்பர்; ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.
பின்னல் எந்திரப் பயிற்சிக்கு என்னோடு வந்த இருவரும்
சாக்லேட் வாங்க ஸ்டுட்கார்ட் ரயிலேறிவிட்டார்கள்.
நான் பன்னிரண்டு யூரோ கொடுத்து
மணிக்கட்டில் ஊதா முத்திரை வாங்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தை மேலே மடக்கிவிட்டு
அதற்கடியில் கயிறு கட்டிய மேடை.
வாசலோரம் தாய்லாந்துப் பெண்கள் மூவர்
பப்பாளிக்காயை உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள்.
காரம் வேண்டுமா என்று ஜெர்மனில் கேட்டவள்
என் முகத்தைப் பார்த்தாள்,
பதிலுக்குக் காத்திராமல்
இன்னும் இரண்டு மிளகாய் போட்டாள்.
ஒரு வாரத்தில் முதல்முறையாக
மூக்கொழுகச் சாப்பிட்டேன்.

நான்காவது ஆட்டம்.
சிவப்பு மூலையில் யெலிஸ்!
ஆலைக் கேன்டீனில் சில்லறை எண்ணித் தருகிறவள்.
நேற்று மதியம் என் தட்டில்
கேட்காமலே இரண்டாவது உருளைக்கிழங்கை வைத்தவள்.
நீல மூலையில் உல்ம் நகரத்துக்காரி,
பல் மருத்துவரிடம் உதவியாளராம்.
பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிவிட்டு
தன் பல்லைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

தலையில் கயிற்று வளையம்,
கையுறையால் கயிறுகளைத் தொட்டபடி
யெலிஸ் மேடையைச் சுற்றி வந்தாள்.
மண்டியிட்டாள். மூன்று முறை
நெற்றியைத் தரைக்குக் கொண்டுபோனாள்.
வணக்கம் க்ரூவுக்கு என்றார் இருக்கைக்காரர்,
க்ரூ என்றால் என்னவென்று விளக்கவும் ஆரம்பித்தார்.
தெரியும் என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.
க்ரூ விச்சாய் வளையத்தைக் கழற்றி
அவள் உச்சந்தலையில் ஊதினார்.

இசை ஒரு கைப்பேசியிலிருந்து வந்தது.
நாகசுரத்தின் ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு குழல்,
ஜலதோஷத்தோடு,
பின்னால் மத்தளம் துரத்திக்கொண்டே.
ஆட்டம் சூடேற அதுவும் சூடேறியது.

முட்டி விலாவில் இறங்கும்போதெல்லாம்
கூடம் கத்தியது: ஓய்!
மறு முட்டி. ஓய்!
என் ஊரில் அது ஆளைக் கூப்பிடும் சொல்.
என் ஊரிலேயே அதற்கு
போதும், இளைப்பாறு என்றும் பொருள்.
முந்நூறு பேர் ஒரே குரலில்
ஓய், ஓய் என்கிறார்கள்.
இரண்டு பேரில் ஒருத்தியும் ஓயவில்லை.

மூன்றாம் சுற்றில் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது.
குழல் நின்றது. ஒலிபெருக்கி முழுக்க
அக்கார்டியன் ரிங்டோன்.
கூடம் சிரித்தது. மேடை சிரிக்கவில்லை.
யாரோ அழைப்பைத் துண்டித்தார்கள்,
பிறகு கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் கேட்டது:
ஈரத்துணியைக் கல்லில் அறைவது போலக்
கணுக்கால் எலும்பு தொடையில் விழும் சத்தம்.
பல்கவசத்தின் இடுக்கில் சீறும் மூச்சு.
ஒரு குழந்தை சிப்ஸ் பொட்டலம் பிரிப்பது.
பிரித்த குழந்தை அப்படியே நிறுத்திக்கொண்டது.

நான்காம் சுற்று. முழங்கை.
நான் பார்த்தது முழங்கையை அல்ல,
யெலிஸின் புருவம் இரண்டாகத் திறந்ததை.
மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார்,
கையை விரித்தார். முடிந்தது.
நீல மூலைக்குப் போய்க் கும்பிட்டாள் யெலிஸ்.
அடித்தவளின் குப்பியிலிருந்து
அவர்களே அவளுக்குத் தண்ணீர் புகட்டினார்கள்.

கழிப்பறை தேடித் தவறான கதவைத் திறந்தேன்.
சின்னப் பிள்ளைகள் கோட்டு மாட்டும் கொக்கிகள்,
ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விலங்குப் படம்.
முயலுக்கு அடியில் பெஞ்சில் யெலிஸ்.
மருத்துவர் தைத்துக்கொண்டிருந்தார்.
மூன்று தையல். இடைவெளி சீர்.
நூலின் இழுவிசை சரி.
திருப்பூரில் இருபது வருஷமாக நான் பார்க்கும் வேலை இது,
குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவள் ஒற்றைக் கண்ணால் என்னைக் கண்டுகொண்டாள்.
இரண்டு விரலைக் காட்டினாள்: உருளைக்கிழங்கு.
எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம்
ஊசி, நூல், எண்ணெய், அவசரப் பொத்தான்.
ஓய் என்றேன்.
நான் சொன்னது இரண்டாவது பொருளில்.
அவளுக்குக் கேட்டது கூடத்தின் பொருளில்.
வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆட்டாதே என்றார் மருத்துவர்,
இன்னும் ஒரு தையல் பாக்கி.