உழக்கியவன்

கரடிப்போக்குச் சந்தியில் இறங்கி
லீசிங் கொம்பனிக்குப் பின்னால் போனால்
மோட்டார் சைக்கிள் கழுவுகிறார்கள்.
அந்தச் சீமெந்துத் தரைக்கு நேர் கீழேதான்
எங்கள் மேடை இருந்தது.

பத்தடி நீளம். பனங்குற்றிக் கூரை,
மேலே மண்மூட்டை.
குண்டுக்கென்று வெட்டியது
பாட்டுக்கும் தோது என்று கண்டுபிடித்தவன் டெஸ்மன்.
சுவர் எதிரொலியை விழுங்கிவிடும்,
ஸ்ரூடியோ என்றால் இதுதான் என்பான்
ஒரு ஸ்ரூடியோவையும் கண்டிராதவன்.

மேலே, மண்ணுக்கான பாட்டுகள்,
கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டி.
கீழே, மண்ணுக்குள்,
ரியூசனுக்குப் போன ஒருத்தி
திரும்பிப் பார்க்காமல் போனதைப் பற்றி எட்டு வரி.
பிடிபட்டால் சொல்ல ஒரு பொய் வைத்திருந்தோம்:
"பயிற்சி எடுக்கிறம்."

கிற்றாரின் மூன்று நரம்பு பிறேக் கேபிள் பிரித்தது.
ட்றம் என்பது நாலு பால்மா ரின்,
நிவாரணத்தில் வந்த எண்ணெய்ப் பரல் ஒன்று.
சுகிர்தாவின் குரல் மட்டுந்தான்
அந்த வருடம்
தடையில்லாமல் உள்ளே வந்த சாமான்.

நான் பாடவில்லை.
பற்றரி கிடையாத ஊரில்
றெக்கோடருக்கு உயிர் கொடுப்பது என் வேலை.
பங்கர் வாசலில் ஸ்ராண்ட் போட்ட சைக்கிள்,
பின் சில்லில் டைனமோ,
வயர் குட்டை என்பதால்
எனக்குப் பக்கத்திலேயே றெக்கோடர்.
ஒரு கண் ஒழுங்கையில், ஒரு கண் வானத்தில்,
இருந்த இடத்திலிருந்து
எத்தனை மைல் உழக்கினேனோ.

ஒழுங்கை இப்போது காப்பெற் வீதி.
இடிந்த கூட்டுறவுக் கடை
சப்பாத்துக் கடையாகி, போன் கடையாகி,
கண்ணாடிக் கதவு போட்ட ஜிம் ஆகிவிட்டது.
பின்னேரம் பெடியள்
எங்கும் போகாத சைக்கிளை உழக்குகிறார்கள்,
மாதக்காசு கட்டி.

போன கிழமை சுகிர்தா பிராம்ப்டனிலிருந்து அனுப்பியிருந்தாள்:
மாமியின் சூட்கேசில் கிடந்ததாம் கசெற்.
பூஞ்சணம் தின்றது போக
மிச்சம் நாற்பத்தொரு செக்கன்.

கழுவும் இடத்தில் நின்றே கேட்டேன்.
முதலில் கிரீச், கிரீச் என்று
எண்ணெய் காணாத என் சங்கிலி.
அதற்குப் பின்னால், கிணற்றுக்கு அப்பால் போல, அவள்.
பிறகு ரின். பிறகு டெஸ்மன்
ஒரு தந்தியைத் தவறவிட்டுச் சிரிப்பது.
முப்பதாவது செக்கனில்
எல்லாம் ஓடத் தொடங்குகிறது,
குரல் குழந்தைக் குரலாகிறது,
யாரோ துரத்துவது போல.

"இதில ஏன் ஓடுறம்?" என்று கேட்டிருந்தாள்.
"கிபிர் வந்ததோ அப்ப?"

இல்லை.
நான் களைத்திருக்கிறேன்.
சில்லுத் தளர நாடாவும் தளர்ந்திருக்கிறது.
மெல்லப் பதிந்ததெல்லாம்
திரும்பும்போது விரைந்து வருகிறது.
இருபது வருடத்துக்கு மேலாயிற்று,
என் களைப்பு அவளுக்குப் பயமாய்க் கேட்கிறது.

"கால் உளைஞ்சது" என்று மட்டும் எழுதினேன்.
டெஸ்மனைப் பற்றி நான் கேட்கவில்லை,
அவளும் எழுதவில்லை.

கழுவுகிற பெடியன் சீலையைப் பிழிந்தபடி வந்தான்.
"செயினுக்கு ஒயில் போடட்டோ அண்ணை?"

போடு என்றேன்.
இது வேறு சங்கிலி.