பன்னிரண்டு கட்டை

இரண்டு பிஸ்டன், நடுவே பிசின் கட்டை.
ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும்;
இப்படித்தான் நகர்கிறது என் எந்திரம்
கடலுக்கு மேலே, கிழக்கு பார்த்து.
பன்னிரண்டு கட்டைவரை தள்ளும்.
ஆசைப்பட்டு ஒரு விளக்கு வைத்தேன், பதிமூன்று.
அடம்பிடித்து நின்றுவிட்டது.
விளக்கை எடுத்தேன்.

கீழக்கரையில் கரண்ட் போனது.
மோடம் அணைந்தது. ஜன்னலில் உப்புக்காற்று.
ஜெட்டிப் பக்கம் ஏதோ வள்ளத்தின் மோட்டார்
இருமி இருமிப் பிடித்தது.

ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால்
அந்த உலகில் எதுவும் அசையாது:
ஆடு, நெருப்பு, எந்திரம்,
எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும்.

காலையில் திறந்தேன்.
விட்ட இடத்தில் இல்லை.
முந்நூறு கட்டை தாண்டி
இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

ஷார்ஜாவில் சதக்கு
ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

'நல்லாத் தூங்குனேன்' என்று
வாய்ஸ் அனுப்பியிருக்கிறான்.